காயாத வண்ணம்

நுழையும்முன்

பள்ளிப் பருவத்தில் கைவிட்ட தூரிகையை நடுவயதில் மீண்டும் எடுப்போர் உளர். அவர்களை நோக்கி, ‘இனி இது எதற்கு?’ என்னும் வினா எழுகிறது. அதற்கு வழக்கமாகக் கூறப்படும் விடைகள் போதுமானவையா? எண்ணெய் வண்ண ஓவியத்தை முன்வைத்து அவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

பரணிலிருந்து இறங்கிய பெட்டி

வீடு மாறும்போதுதான் பரணில் என்னென்ன கிடக்கின்றன என்பது தெரியவரும். உடைந்த மின்விசிறியின் இறக்கை, பழைய நாள்காட்டிகள், எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத சாவிக்கொத்து ஆகியவற்றுக்கிடையே சில வீடுகளில் தகரப்பெட்டி ஒன்றும் இறங்கும். மூடியைத் திறந்ததும் முதலில் எழுவது மணம். ஆளிவிதை எண்ணெயும் டர்ப்பன்டைனும் கலந்த அந்த மணத்தை ஒருமுறை அறிந்தவர் மறப்பதில்லை. உள்ளே, மயிர் விறைத்துக் குச்சியாகிப்போன தூரிகைகள் கிடக்கும். வயிறு நசுங்கிய வண்ணக்குழாய்கள் சில கிடக்கும். பெட்டிக்கு உரியவர் அதனை இறுதியாக மூடியது பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்திய கோடையில். இப்பொழுது அவருடைய மகளே கல்லூரி முடித்துவிட்டாள்.

குழாயின் கழுத்தில் வண்ணம் கல்லாக இறுகியிருக்கும். மூடி எளிதில் அசையாது. இடுக்கியால் பிடித்துத் திருகி, இறுகிய பகுதியை ஊசியால் குத்தி நீக்கி, அடியிலிருந்து மெல்ல அழுத்தினால், பல்லாண்டுகளுக்கு முன் அடைக்கப்பட்ட நீலம் நேற்று அரைத்ததுபோல் வெளிவருவதுண்டு. இதில் மாயம் எதுவும் இல்லை. நீர்வண்ணம் காய்வது நீர் ஆவியாவதால். எண்ணெய் வண்ணம் காய்வதோ எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக்கொண்டு, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, திண்மையான படலமாக மாறுவதால். காற்று புகாத இடத்தில் அம்மாற்றம் நிகழ்வதில்லை. குழாயின் வாயில் இறுகிய வண்ணமே தனக்குப் பின்னால் இருப்பதற்கு மூடியாக நின்று காத்துவிடுகிறது.

குழாயில் வண்ணம் காயாமல் இருந்தது சரி. கையில் திறன் காயாமல் இருந்திருக்குமா? ஆர்வம் இருந்திருக்குமா? இருந்தாலும், நாற்பத்தைந்து வயதில் அதனை எடுத்து என்ன செய்வது? வீட்டில் உள்ளவர்கள் இவ்வினாக்களைச் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். பெட்டிக்கு உரியவர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ளும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

தூரிகை கைநழுவும் வயது

குழந்தைகள் அனைவரும் வரைகிறார்கள். சுவர், தரை, பாடநூலின் ஓரம் என எதுவும் தப்புவதில்லை. அவர்களுள் பெரும்பாலோர் பத்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் வரைவதை விட்டுவிடுகின்றனர். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட், குழந்தைகளின் ஓவியம் படிப்படியாக வளரும் நிலைகளை 1947-இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார். ஏறத்தாழ ஒன்பது வயதிலிருந்து, தான் வரைந்தது உண்மையான பொருளைப்போல் இருக்கிறதா என்று குழந்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறது என்பது அவர் கண்ட செய்திகளுள் ஒன்று. ஐந்து வயதுக் குழந்தை தன் யானையைக் கண்டு மகிழ்கிறது. பன்னிரண்டு வயதில் அதே குழந்தை தன் யானையைக் கண்டு நாணுகிறது. கண் முன்னே சென்றுவிட, கை பின்தங்கிவிடுகிறது.

அவ்விடைவெளியைக் கடக்கப் பயிற்சி தேவை. அந்நேரம் பார்த்துத்தான் பயிற்சிக்கான வாய்ப்பும் குறைகிறது. ஓவியப் பாடவேளை கணக்குப் பாடத்தை முடிப்பதற்காகக் கடன் வாங்கப்படுகிறது; அக்கடன் திருப்பித் தரப்படுவதே இல்லை. ‘தேர்வு முடியட்டும், பிறகு வரையலாம்’ என்கிறது வீடு. பத்தாம் வகுப்புக்குப் பின் பன்னிரண்டாம் வகுப்பு வருகிறது, அதன்பின் கல்லூரி, வேலை, திருமணம். தூரிகையை எவரும் பிடுங்கி எறிவதில்லை. ‘பிறகு’ என்னும் சொல்தான் அதனைப் பரணில் ஏற்றுகிறது.

இவ்வாறு சொன்ன பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது, முறையன்று. நிலையான வருவாய் இல்லாத வீட்டில் ஒரு பிள்ளையின் அரசுப் பணி என்பது ஐந்து பேரின் உணவு. அந்நெருக்கடி கலைஞர்களையும் விட்டுவைக்கவில்லை. 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த கே. சி. எஸ். பணிக்கர் பன்னிரண்டு வயதிலேயே நிலக்காட்சிகளை வண்ணத்தில் தீட்டியவர்; பதின்பருவத்திலேயே அவருடைய ஓவியங்கள் சென்னைக் கண்காட்சிகளில் இடம்பெற்றன. தந்தை மறைந்தபின் குடும்பத்தைத் தாங்குவதற்காகக் கல்லூரிப் படிப்பை விட்டுத் தந்தித் துறையில் பணியில் சேர்ந்தார். தம் இருபத்தைந்தாம் வயதில், 1936-இல்தான் அவரால் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராக நுழைய முடிந்தது. மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் முதல்வர். பிற்காலத்தில் அதே நிறுவனத்துக்குப் பணிக்கரும் முதல்வரானார். 1966-இல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டலக் கலைக்கிராமம் உருவாக வழிவகுத்தவரும் அவரே. ஓவியர்கள் ஓவியத்தை மட்டும் நம்பி வாழ இயலாது என்பதை உணர்ந்து, துணிகளில் வண்ணம் தோய்க்கும் பத்திக் முதலான கைவினைகளின் வருவாயால் அக்கிராமம் தன்னைத் தாங்கிக்கொள்ள வகைசெய்யப்பட்டது. குடும்பத்துக்காகத் தூரிகையைக் கீழே வைத்த ஒருவருக்கு இக்கணக்கை எவரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

சோறா, ஓவியமா என்று கேட்டால் சோறே முதலில் என்பதில் ஐயமில்லை. ஆனால், ‘இப்போது முடியாது’ என்பது வேறு, ‘இது வேண்டாதது’ என்பது வேறு. பல வீடுகள் முதலாவதைச் சொல்ல எண்ணி இரண்டாவதைச் சொல்லிவிடுகின்றன. பிள்ளை நினைவில் வைத்துக்கொள்வது இரண்டாவதைத்தான்.

பழச்சாற்றில் தொடங்கிய கதை

சிறுவயது ஆர்வத்துக்கு நெடுங்காலம் கழித்துத் திரும்பியோரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பெயர் வந்துவிடும். ‘மோசஸ் பாட்டி’ என்று உலகம் அறிந்த அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் 1860-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், பத்துக் குழந்தைகள் கொண்ட உழவர் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை வாங்கித்தந்த வெள்ளைத்தாளில், திராட்சைச் சாற்றையும் பிற பழச்சாறுகளையும் வண்ணமாகக் கொண்டு அச்சிறுமி வரைந்தாள். பன்னிரண்டு வயதில் அந்த விளையாட்டு முடிந்தது. பிறர் பண்ணை வீடுகளில் சமைக்கவும் துவைக்கவும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளவும் கூலிக்குச் சென்றாள். பதினைந்து ஆண்டுகள் கழித்துத் திருமணம். பெற்ற பத்துக் குழந்தைகளில் ஐந்து பிழைக்கவில்லை. பால் கறந்தும், வெண்ணெய் எடுத்து விற்றும், பழங்களைப் பதப்படுத்தியும் அவர் வாழ்வு கழிந்தது.

இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் ஓவியம் எங்கே போயிற்று என்பதே இக்கதையில் கவனிக்க வேண்டிய செய்தி. அது எங்கும் போய்விடவில்லை. ஒருமுறை வீட்டுக் கணப்படுப்பை மறைக்கும் பலகைக்குக் காகிதம் போதாமல் போனபோது, சுவருக்குப் பூசும் வண்ணத்தைக் கொண்டு அப்பலகையில் ஒரு காட்சியைத் தீட்டிவிட்டார். கணவர் இறந்தபின், கம்பளி நூலால் துணியில் காட்சிகளைப் பின்னினார். மூட்டுவலியால் ஊசி பிடிப்பது கடினமானபோது, தூரிகை பிடிப்பது எளிதாயிருக்குமே என்று தங்கை சொன்னார். ஊசி கீழே இறங்கித் தூரிகை மேலே ஏறியது. அப்போது அவருக்கு வயது எழுபதுக்குமேல்.

தமிழ் வீடுகளிலும் இத்தகைய மறைவாழ்க்கை உண்டு. நாள்தோறும் வாசலில் இடும் கோலத்தில் புள்ளிகளின் இடைவெளியைக் கண்ணாலேயே அளந்து, எடுத்த கையை வைக்காமல் வளைவை முடிக்கும் பெண்ணிடம் ‘உனக்கு வரைய வருமா?’ என்று கேட்டால் ‘வராது’ என்பாள். தான் செய்வதை ஓவியம் என்று எவரும் அவளுக்குச் சொன்னதில்லை. தையற்கடையில் சட்டைத்துணிமேல் ஒரே இழுப்பில் சுண்ணக்கோடு போடுபவரும் அப்படித்தான். கைவிட்டதாகக் கருதப்படும் ஆர்வம் வேறு பெயரில், வேறு வேலையாளாக வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருக்கிறது.

மோசஸ் பாட்டி உள்ளூர்ச் சந்தைக் காட்சிக்குத் தம் ஓவியங்களையும் தாம் செய்த பழப்பாகையும் ஒருசேர அனுப்பினார். பழப்பாகுக்குப் பரிசு கிடைத்தது, ஓவியத்துக்குக் கிடைக்கவில்லை. 1938-இல், ஹூசிக் ஃபால்ஸ் என்னும் ஊரின் மருந்துக்கடைச் சாளரத்தில் சில டாலர் விலையில் வைக்கப்பட்டிருந்த அவருடைய படங்களை, அவ்வழியே வந்த பொறியாளர் ஒருவர் கண்டு வாங்கினார். 1939-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ஓவியங்கள் மூன்று வைக்கப்பட்டன. 1940-இல், எண்பதாம் வயதில், தனிக் கண்காட்சி நடந்தது. 1961-இல் நூற்றொரு வயதில் மறையும்வரை ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களை அவர் தீட்டியிருந்தார்.

புகழ் என்னும் தவறான சான்று

இக்கதை மேடைகளில் சொல்லப்படும்போது ஒரு பிழை நேர்கிறது. ‘எழுபதுக்குமேல் தொடங்கியவரே உலகப் புகழ் பெற்றார், ஆகவே நீங்களும் தொடங்கலாம்’ என்று முடிக்கிறார்கள். அப்படியானால், புகழ் பெறாதவர் தொடங்கியது வீணா? அந்தப் பொறியாளர் வேறு தெரு வழியே சென்றிருந்தால், மருந்துக்கடைப் படங்கள் வெயிலில் வெளுத்திருக்கும். அதனால் பனி படர்ந்த குன்றையும் அதன்மேல் சறுக்கும் சிறுவர்களையும் தீட்டும்போது அவர் அடைந்த நிறைவு குறைந்திருக்குமா? படத்தின் தரம்தான் மாறியிருக்குமா? கண்டெடுக்கப்பட்டது தற்செயல், தீட்டியது தற்செயலன்று.

நடுவயதில் தூரிகையை எடுப்போருள் ஆயிரத்தில் ஒருவருக்கும் கண்காட்சி வாய்க்காது. அவர்களுக்குப் புகழைக் காட்டி ஊக்கமூட்டுவது, பயன் கருதியே எதையும் செய்ய வேண்டும் என்னும் அதே பழைய அளவுகோலை வேறு கையால் நீட்டுவதாகும். பதினைந்து வயதில் ‘இதனால் வேலை கிடைக்குமா?’ என்று கேட்ட அளவுகோல், நாற்பத்தைந்து வயதில் ‘இதனால் பெயர் கிடைக்குமா?’ என்று கேட்கிறது.

மற்றொரு விடையும் உண்டு: ஓவியம் மனத்துக்கு ஓய்வு தரும், நல்ல பொழுதுபோக்கு என்பது அது. இவ்விடை இன்னும் நயமானது. ஆனால் முயன்று பார்த்தவர் இதனை ஒப்பமாட்டார். பொழுதுபோக்கு என்பது பொழுதைப் போகவிடுவது. நெடுநாளைக்குப்பின் கித்தானுக்குமுன் நிற்பவருக்குப் பொழுது போவதில்லை, வியர்க்கிறது.

வெற்றுக் கித்தானின் அச்சம்

முதற்படம் பெரும்பாலும் ஏமாற்றமாகவே அமையும். சிறுவயதில் கண்ணுக்கும் கைக்கும் இருந்த இடைவெளி இப்போது பன்மடங்கு விரிந்திருக்கிறது. முப்பதாண்டுகளில் கண் எத்தனையோ நல்ல ஓவியங்களையும் திரைப்படக் காட்சிகளையும் ஒளிப்படங்களையும் பார்த்துப் பழகிவிட்டது; கை மட்டும் பத்தாம் வகுப்பிலேயே நின்றுவிட்டது. மாமரம் என்று எண்ணித் தீட்டியதைப் பார்த்து, ‘காலிஃபிளவரா?’ என்று வீட்டில் ஒருவர் கேட்கக்கூடும். பலர் இரண்டாம் முறையாகப் பெட்டியை மூடுவது அந்த மாலையில்தான்.

அலுவலகத்தில் பலரை வழிநடத்துபவர், தம் துறையில் பிழையே செய்யாதவர், வீட்டில் முடிவெடுப்பவர் ஆகியோருக்கு மீண்டும் மோசமாகச் செய்வது எளிதன்று. சிறுவர்கள் நாள்தோறும் தெரியாததைச் செய்து தவறுகிறார்கள். அது அவர்களுடைய வேலை. பெரியவர்கள் தமக்குத் தெரிந்ததை மட்டுமே செய்து, தெரியாததிலிருந்து மெல்ல விலகிக்கொள்கிறார்கள். முதிர்ச்சி என்று மதிக்கப்படுவதில் ஒரு பங்கு இந்த விலகல்தான். திறமை மங்கியதைக் காட்டிலும், தம் திறமையின்மையைத் தாமே பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை மங்கியதே பெரிய தடை.

பிரித்தானிய அரசியல்வாதி வின்ஸ்டன் சர்ச்சில் தம் நாற்பதாம் வயதில், போர்க்காலப் பதவியை இழந்து துவண்டிருந்த 1915-இல், முதன்முறையாக எண்ணெய் வண்ணத்தைக் கையில் எடுத்தார். இந்தியர்க்கு அவர்மீது ஆறாத மனக்குறைகள் உண்டு, அவை நேர்மையானவை. எனினும் கித்தானைக் கண்டு அவர் அஞ்சிய செய்தி கேட்கத்தக்கது. பெரும்படைகளை ஏவியவர், வெள்ளைக் கித்தானின் ஒரு மூலையில் அவரை விதையளவு நீலத்தை வைத்துவிட்டு, மேற்கொண்டு கைநீட்ட அஞ்சி நின்றார். அப்போது அங்கு வந்த ஓவியர் ஹேசல் லேவரி, பெரிய தூரிகையை வாங்கி வண்ணத்தில் தோய்த்து, கித்தானின்மேல் வீசி வீசி அடித்தார். கித்தான் திருப்பி அடிக்கவில்லை என்பதைக் கண்டபின்னரே அச்சம் தெளிந்ததாகச் சர்ச்சில் எழுதியுள்ளார். அதன்பின் அவர் தீட்டிய படங்கள் சில நூறு.

பிழை பொறுக்கும் வண்ணம்

இவ்வச்சத்துக்கு எண்ணெய் வண்ணம் தன் இயல்பினாலேயே ஒரு மருந்து வைத்திருக்கிறது. நீர்வண்ணத்தில் இட்ட பிழையைப் பெரிதும் மறைக்க இயலாது. தாள் அதனை உறிஞ்சிவிடும். எண்ணெய் வண்ணமோ தொட்டால் ஒட்டாத நிலையை அடையவே நாள்கள் பல ஆகும். இன்று மாலை தீட்டிய வானம் பிடிக்கவில்லையா? நாளைக் காலையில் தட்டைக்கத்தியால் வழித்தெடுத்துவிட்டு மீண்டும் தீட்டலாம். காய்ந்துவிட்டதா? அதன்மேல் புதிதாக இன்னோர் அடுக்கு இடலாம். அடியடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலடுக்கில் மிகுதியாகவும் இருக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. மாறிச்செய்தால் மேலடுக்கு முந்திக் காய்ந்து, அடியடுக்கு பின்னர் அசையும்போது வெடித்துவிடும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைக்கக்கூடாது என்பதும் மறக்கத்தகாதது. காயும்போது வெளிப்படும் வெப்பம் குவியலுக்குள் சேர்ந்து, துணி தானே தீப்பற்றுவதுண்டு.

பெரும் ஓவியர்களும் இந்தப் பொறுமையைப் பயன்படுத்திக்கொண்டவர்களே. பிக்காசோவின் ‘முதிய கிதார் இசைஞர்’ 1903-ஆம் ஆண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் தீட்டப்பட்டது. அப்படத்தில், குனிந்திருக்கும் முதியவரின் கழுத்துக்குமேல் உற்றுநோக்கினால் ஒரு பெண்ணின் முகம் மங்கலாகத் தெரியும். அவர் முதலில் தொடங்கிக் கைவிட்ட படம் அது. எண்ணெய் வண்ணம் ஆண்டுகள் செல்லச்செல்லச் சற்றே ஒளிபுகும் தன்மை பெறுவதால், புதைத்தவை இவ்வாறு தலைகாட்டுவதுண்டு. எண்ணெய் வண்ணத்தில் அல்லாவிடினும், இரவீந்திரநாத் தாகூரின் ஓவியமும் பிழையிலிருந்தே பிறந்தது. கையெழுத்துப்படியில் அடித்துத் திருத்திய இடங்களைக் கோடுகளால் இணைத்து இணைத்து, அவற்றிலிருந்து விந்தையான பறவைகளும் விலங்குகளும் எழுந்தன. 1930-இல் பாரிசில் அவருடைய முதல் ஓவியக் கண்காட்சி நடந்தபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார்.

எண்ணெய் வண்ணம் ஐரோப்பாவில் பிறந்தது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆப்கானித்தானத்துப் பாமியான் குகைகளின் சுவரோவியங்களில், ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டிலேயே காயும் எண்ணெய்கள் பயன்பட்டுள்ளதை அறிவியலாளர்கள் 2008-இல் வெளியிட்டனர். இருப்பினும் அண்மைக்காலம்வரை இக்கலை எளியோர் கைக்கு எட்டவில்லை. இரவிவர்மா பதினான்கு வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தபோது, அங்கிருந்த மதுரை ஓவியர் எண்ணெய் வண்ணத்தின் நுட்பத்தைச் சொல்லித்தர முன்வரவில்லை என்றும், அவரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை என்பவர் மறைவாக வந்து உதவினார் என்றும் இரவிவர்மாவின் வரலாறு கூறுகிறது. பின்னர் வந்த ஐரோப்பிய ஓவியரும் தாம் தீட்டுவதை அருகிருந்து பார்க்க மட்டுமே இசைந்தார். வண்ணத்தை அடைத்து வைக்கவும் முன்பு பன்றியின் சிறுநீர்ப்பையே பயன்பட்டது. குத்தித் திறந்தபின் அதனைச் சரியாக மூட இயலாது. 1841-இல் ஜான் காஃப் ராண்ட் என்னும் அமெரிக்க ஓவியர் நசுக்கக்கூடிய உலோகக் குழாயைக் கண்டறிந்தார். அன்று இளவரசக் குடும்பத்துச் சிறுவனுக்கும் மறுக்கப்பட்ட பொருள் இன்று எழுதுபொருள் கடையில் கிடைக்கிறது.

ஆகவே, பணமில்லை என்னும் தடையும் முழுமையானதன்று. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், பழுப்பு ஆகிய ஐந்து குழாய்களிலிருந்து எண்ணற்ற வண்ணங்களைக் கலந்து பெறலாம். கித்தான் விலை மிகுதியென்றால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை போதும். மோசஸ் பாட்டி அத்தகைய பலகையில் மும்முறை வெள்ளை பூசித்தான் தீட்டினார். நேரமில்லை என்பதே பெருந்தடை. அது உண்மையும்கூட. வீட்டில் எவருடைய நேரம் எவருக்கு உரியது என்னும் கணக்கில், பெண்களின் நேரம் எல்லாருக்கும் உரியதாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிநேரம் ஓர் ஆண் கித்தானுக்குமுன் நின்றால் ‘அப்பா வரைகிறார்’ என்பார்கள். ஒரு பெண் நின்றால் ‘மதியச் சாப்பாடு ஆயிற்றா?’ என்பார்கள். தூரிகைக்குத் திரும்பும் வாய்ப்பைப் பற்றிப் பேசுவோர் இக்கணக்கைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

கண் திரும்பும் இடம்

புகழும் அன்று, ஓய்வும் அன்று எனில் இம்முயற்சி தருவதுதான் என்ன? அலமாரியில் இருக்கும் பித்தளைக் குடத்தைத் தீட்ட முயல்பவர் அதற்கு விடை சொல்வார். பித்தளை மஞ்சள் என்று எண்ணி மஞ்சளைக் குழைக்கிறார், பொருந்தவில்லை. உற்றுப்பார்க்கிறார். குடத்தின் தோளில் சாளரம் வெள்ளைக் கீற்றாக வளைந்து கிடக்கிறது. வயிற்றுப் பகுதியில் பச்சை கலந்த பழுப்பு. அடியில், அருகே இருக்கும் தக்காளிக் கூடையின் சிவப்பு மங்கலாக ஏறியிருக்கிறது. மஞ்சள் என்று சொல்லத்தக்க இடம் உள்ளங்கை அகலம்கூட இல்லை. இருபதாண்டுகளாக நாள்தோறும் கையாண்ட குடத்தை அவர் பார்த்ததே இல்லை.

நிழல் கறுப்பு என்பதும் இவ்வாறே பொய்யாகும். வெயிலில் நிற்கும் வேப்பமரத்தின் நிழல் செம்மண் தரையில் ஒரு நிறம், சிமெண்டுத் தரையில் வேறு நிறம். வாழையிலையின் பச்சையும் வேப்பிலையின் பச்சையும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவது மொழியின் சிக்கனம். கண்ணுக்கு அச்சிக்கனம் தேவையில்லை. சிறுவயதில் இவற்றையெல்லாம் பார்த்த கண் அது. வேலைக்குச் செல்லும் விரைவில், குடம் குடமாகவும் மரம் மரமாகவும் பெயரளவில் அடையாளம் காணப்பட்டால் போதும் என்று பழகிவிட்டது. தூரிகை அந்தப் பழக்கத்தை மூன்று மணிநேரத்துக்கு நிறுத்திவைக்கிறது. திரும்பி வருவது ஓவியர் என்னும் பட்டமன்று. கைப்பொருளாக இருந்து காணாமற்போன அந்தப் பார்வை.

இப்பார்வை படத்தின் தரத்தைச் சார்ந்ததும் அன்று. குடம் கித்தானில் பூசணிக்காயாக வந்திருக்கலாம். ஆயினும் மறுநாள் காலையில் அதில் தண்ணீர் பிடிக்கும்போது கை ஒரு நொடி நிற்கும்.

தகரப்பெட்டிக்கு உரியவர் மாமரத்தை மூன்றுமுறை வழித்தெடுத்துவிட்டு நான்காம் முறை தீட்டியிருக்கிறார். கிளைகள் இன்னும் சரியாகவில்லை. வானம் மட்டும் ஓரளவு பிடிபட்டிருக்கிறது. படம் இப்போது கூடத்துச் சுவரில், தூசி படாத பக்கமாகச் சாய்த்து வைக்கப்பட்டுள்ளது. வார்னிஷ் பூச ஆறு திங்களாவது பொறுக்க வேண்டும் என்று அவர் சொன்னதை வீட்டில் எவரும் நம்பவில்லை. கல்லூரி முடித்த மகள் நான்காம் நாள் சுட்டுவிரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். விரல் நுனியில் நீலம் ஒட்டியிருந்தது.